விடுதியைப் பூட்டினால் பொன்னுக்கு வீங்கி நின்றுவிடுமா?

மலேசியாவின் கீழ்ப் பேராக் பக்கம், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அங்குள்ள தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரியின் தங்கும் விடுதிக்கு அவர் வார்டன். அடையாளம் தெரியாதபடி அவருடைய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஆண்களும் பெண்களுமாக 96 மாணவர்கள், இரண்டு கட்டடங்கள். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள். மூன்று வாரத்துக்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குக் கன்னம் வீங்கியது. பல்வலி என்று சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போனான், ஃபுட்சால் ஆடினான், ஒரு சோதனையும் எழுதினான். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது என்ற பயம். இந்த வாரம் அடுத்தடுத்து மூன்று பேருக்கு வீக்கம் வந்திருக்கிறது. இரண்டு பேர் அவனோடு ஃபுட்சால் ஆடுபவர்கள், ஒருத்தி அதே வகுப்பு. அரசாங்க கிளினிக்கில் பொன்னுக்கு வீங்கி மாதிரி இருக்கிறது என்று எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்திருக்கிறார்கள்.

நிர்வாகம் மூன்று முடிவுகளைச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை விடுதியைப் பூட்டி எல்லாரையும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவது. திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் 'நோய் இல்லை' என்று டாக்டர் கடிதம் கொண்டுவருவது. நோய் வந்தவர்கள் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. விரிவுரையாளர் ஒருவரோ, 'எல்லாருக்கும் சின்ன வயசிலேயே ஊசி போட்டாச்சு, இது அதுவாக இருக்காது' என்கிறார். ஒரு மாணவனுக்கு எந்தத் தடுப்பூசியும் போடவில்லை, பெற்றோர் விரும்பவில்லை. அவனை விடுதியிலிருந்தே நீக்கிவிடலாம் என்ற பேச்சும் இருக்கிறது. வார்டனோடு குவார்ட்டர்சில் இருக்கும் அவருடைய மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. நோய் வந்த பையன் ஒருவனின் அம்மா போன் செய்து, 'இவனுக்கு நாளைக்குப் பிள்ளை பிறக்குமா' என்று அழுதிருக்கிறார். இன்னொருவனின் பாட்டி தங்கச் சங்கிலியும் மஞ்சள் சுண்ணாம்புப் பற்றும் கொண்டுவந்து அறையிலேயே அரை நாள் உட்கார்ந்திருந்தார்.

'அனுப்பவா, வேண்டாமா? யார் சொல்வதைக் கேட்பது?' என்று கேட்கிறார். அவசரம் என்பதால் அவருக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற விடுதிகளுக்கும் உதவும் என்று இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நோய் வந்தவர்களை மட்டும் தனியாக வையுங்கள், மற்றவர்களைக் கவனித்துக்கொண்டே வகுப்பை நடத்துங்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன். நிர்வாகத்திடம் நீங்கள் பேசும்போது இந்தக் காரணங்கள்தான் கைகொடுக்கும்.

இந்தக் கிருமி உடம்பில் புகுந்த பிறகு வீக்கம் தெரிய 12 முதல் 25 நாள் வரை ஆகும். பெரும்பாலும் 16, 18 நாள். உங்கள் கணக்கே இதற்குச் சாட்சி. முதல் பையனுக்கு மூன்று வாரத்துக்கு முன், மற்ற மூவருக்கு இந்த வாரம். அப்படியானால் இந்த மூவரிடமிருந்து யாருக்காவது போயிருந்தால் அது வெளியே தெரிய இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு வாரம் பூட்டிவைத்துத் திறந்தால், கிருமியைச் சுமப்பவர்கள் ஒரு வீக்கமும் இல்லாமல் திரும்பி வருவார்கள். டாக்டர் கடிதமும் கையில் இருக்கும். அடுத்த வாரம் வீங்கும்.

இன்னொன்று, இவர்கள் போகும் இடத்தை யோசியுங்கள். விடுதியில் இருப்பவர்கள் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்கள், ஒரு வார்டனின் கண்பார்வையில் இருப்பவர்கள். ஆனால் அவர்கள் போகும் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரே கூடத்தில் தாத்தா, பாட்டி, அண்ணி, கைக்குழந்தை எல்லாரும் படுக்கிறார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியின் முதல் டோஸ் நம் நாட்டு அட்டவணைப்படி 9 மாதத்தில்தான். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த நோய்க்கான ஊசிப் பாதுகாப்பு இல்லை. 96 பேரை ஒரே நாளில் பேருந்தில் ஏற்றி அனுப்பினால், ஒரு கட்டடத்தில் இருந்த பிரச்சினை பத்துப் பதினைந்து தோட்டங்களின் பிரச்சினையாகிவிடும். அங்கே யார் எண்ணுவது, யார் கவனிப்பது?

ஊசி போட்டும் எப்படி வந்தது?

உங்கள் விரிவுரையாளர் சொல்வதில் பாதி சரி. மலேசியாவில் 1980களில் திட்டத்தில் தட்டம்மை ஊசி இருந்தது, பொன்னுக்கு வீங்கிக்கு ஊசி இல்லை. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் 2002இல் வந்தது. ஆகவே இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு வயது வாக்கில் ஒரு டோஸ் போட்டிருப்பார்கள். ஏழு வயதில், பள்ளி ஒன்றாம் ஆண்டில், இன்னொன்று போட்டிருப்பார்கள். ஆனால் பள்ளியில் போட்டது எம்எம்ஆரா, எம்ஆரா என்று பார்க்க வேண்டும். எம்ஆர் என்றால் அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை.

இரண்டு டோசும் சரியாகப் போட்டவர்களிலும் நூற்றுக்கு 86 முதல் 88 வரைதான் பாதுகாப்பு. அதுவும் ஆண்டுகள் போகப்போகக் குறையும். ஏழு வயதில் போட்டதற்கு இப்போது பதினொன்று முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 2015-16 கல்வியாண்டில் 20,000க்கு மேற்பட்ட மாணவர்களில் 259 பேருக்கு இது வந்தது. அங்கே 98 விழுக்காட்டினர் ஏற்கெனவே இரண்டு டோஸ் போட்டவர்கள். ஒரே அறையில் தூங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வகுப்பில் உட்காரும் இளைஞர்கள் இருக்கும் இடம் இந்தக் கிருமிக்குத் தோதானது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் இருந்த அமெரிக்கப் படையினர் வேலைக்குப் போகாமல் படுத்த நாட்களுக்குப் பெரிய காரணமாக இருந்ததும் இதே நோய்தான். படைவீட்டுக்கும் விடுதிக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அதனால் ஊசி வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊசி போட்டவர்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் லேசாக வந்து போகும். பின்னால் சொல்லப்போகிற சிக்கல்களும் அவர்களுக்கு வெகுவாகக் குறைகின்றன.

அப்புறம், கன்னம் வீங்கிய எல்லாமே பொன்னுக்கு வீங்கி ஆகாது. பல் வேரில் சீழ், நெறிக்கட்டு, உமிழ்நீர்ச் சுரப்பியில் கல், வேறு சில வைரஸ்கள் இவையும் வீக்கம் தரும். நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி சொல்கிறேன். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துப் பின்னால் நின்று பாருங்கள். பொன்னுக்கு வீங்கியில் காதுமடலுக்குக் கீழே உள்ள பள்ளம் நிரம்பிவிடும், காதுமடல் மேலேயும் வெளியேயும் தள்ளிக்கொண்டு நிற்கும், தாடை எலும்பின் முனை கைக்குத் தட்டுப்படாது. ஒரு பக்கம் வீங்கி, ஓரிரு நாளில் மறுபக்கமும் வீங்கலாம். எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் வைத்தால் காதடியில் சுரீர் என்று இழுக்கும். இது சந்தேகப்படுவதற்குத்தான். உறுதி செய்ய, கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்க்க வேண்டும். வீக்கம் தொடங்கிய மூன்று நாளுக்குள் எடுத்தால் நல்லது. ஊசி போட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனை சில சமயம் 'இல்லை' என்றே காட்டும், அதை வைத்து நிம்மதியடைய முடியாது. இந்த மூவரில் ஒருவருக்காவது மாதிரி எடுக்கச் சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள்.

ஐந்து நாள் கணக்கு

வீக்கம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே கிருமி எச்சிலில் வரத் தொடங்கிவிடுகிறது. வீங்கிய பிறகு ஐந்து நாள் வரை பரவும் ஆபத்து அதிகம். அந்த ஐந்து நாளை எப்படி எண்ணுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வீங்கிய நாளை எண்ணக் கூடாது. திங்கட்கிழமை வீங்கினால் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள், ஞாயிற்றுக்கிழமை வெளியே வரலாம். மறுபக்கம் புதன்கிழமை வீங்கினாலும் முதல் வீக்கத்திலிருந்துதான் கணக்கு. வீக்கம் முழுதாக வற்ற பத்து நாள்கூட ஆகலாம், அதுவரை பிடித்துவைக்கத் தேவையில்லை. எம்சி இரண்டு நாளுக்கு மட்டும் கொடுத்திருந்தால் திரும்பப் போய் விஷயத்தைச் சொல்லி ஐந்து நாளுக்கும் வாங்குங்கள். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான்.

எங்கே வைப்பது? வீட்டில் தனி அறை இருந்து, கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இல்லாமல், பெற்றோரே காரில் வந்து அழைத்துப்போக முடியும் என்றால் அந்த ஒரு பிள்ளையை அனுப்பலாம். பேருந்தில் அனுப்ப வேண்டாம். இந்த வசதி இல்லாதவர்களுக்கு விடுதியிலேயே சன்னல் உள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். ஆண்கள் இருவரும் ஒரே அறையில் இருக்கலாம், இரண்டு பேருக்கும் அதே நோய்தானே. சாப்பாடு பொட்டலமாகக் கதவுவரை போகட்டும். தட்டு, கப், துண்டு தனி. முடிந்தால் குளியலறையும் தனி, முடியாவிட்டால் அவர்கள் கடைசியில் குளிக்கட்டும், பிறகு குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரில் குழாய்ப்பிடி, கதவுக் கைப்பிடி எல்லாம் துடைக்கட்டும்.

அவர்களுக்கு மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பனாடோல் (பாராசிட்டமால்), நிறையத் தண்ணீர், கஞ்சி, மென்று தின்ன வேண்டாத சாப்பாடு, கன்னத்தில் குளிர்ந்த துணி. புளிப்பு எதுவும் வேண்டாம், ஆரஞ்சு ஜூஸ்கூட வலிக்கும். நம் ஊரில் டிங்கியும் இருப்பதால், காய்ச்சல் என்றதும் வலிமாத்திரையாக ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மறைத்த பையனைப் பற்றி

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம். 'அவன் முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அவன் இடத்தில் நின்று பாருங்கள். அப்பா அம்மா தோட்டத்தில் வெட்டுக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் படிக்கிறான். ஐந்து நாள் படுத்தால் வருகை குறையும், தேர்வு போகும், ஒரு செமஸ்டர் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். 19 வயதுப் பிள்ளை அந்த நிலையில் பல்வலி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்? அவனை மறைக்க வைத்தது கல்லூரியின் விதி.

இந்த நோயைத் தடுக்கும் வேலையில் பாதிக்குமேல் இங்கேதான் இருக்கிறது. சவர்க்காரம், முகக்கவரி, குளோராக்ஸ் எல்லாம் வாங்கி வைக்கலாம். வீங்கிய பிள்ளை முதல் நாளே உங்கள் கதவைத் தட்டாவிட்டால் அத்தனையும் வீண். தட்ட வேண்டுமென்றால், தட்டினால் நஷ்டம் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த நோய்க்கு எம்சி கொடுத்த நாட்கள் வருகைக் கணக்கில் குறையக் கூடாது, தவறவிட்ட சோதனைக்கு மறுவாய்ப்பு உண்டு என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. ஒரு பக்கக் கடிதம் போதும், முதல்வர் கையெழுத்தோடு. அதை விடுதியின் இரண்டு கட்டடத்திலும் ஒட்டுங்கள். பிறகு ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் எல்லாரையும் உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள்: 'காதடியில கொஞ்சம் வலிச்சாலும் நேரா என்கிட்ட வாங்க. ராத்திரி இரண்டு மணின்னாலும் பரவாயில்ல. பரிட்சைக்கு நான் பொறுப்பு.' நோட்டீஸ் போர்டு சொல்வதைவிட வார்டன் அம்மா வாயால் சொல்வதைப் பிள்ளைகள் நம்புவார்கள். அந்த முதல் பையனைத் திட்டாதீர்கள். அவனைத் திட்டுவதை மற்ற 95 பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதே காரணத்தால்தான் வாட்ஸ்அப்பில் பெயர் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். யாரோடு நெருங்கிப் பழகினார்கள் என்று நோயாளியிடம் கேட்டு, அந்தந்த ஆட்களிடம் தனியாகச் சொன்னால் போதும். ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது, அவர் தெளிவாகச் சம்மதிக்காமல் வெளியிடக் கூடாது. தனியார் கல்லூரி நிர்வாகத்துக்கு இதை நினைவூட்டுங்கள். 'நம் விடுதியில் சிலருக்கு இந்த நோய் வந்திருக்கிறது, இன்னின்ன அறிகுறி இருந்தால் வாருங்கள்' என்று பெயரில்லாமல் சொல்வதில் தவறில்லை. அது அவசியமும்கூட.

'நோய் இல்லை' கடிதமும் பயனில்லாதது. வீக்கம் வராதவனைப் பரிசோதித்து, கிருமி உள்ளே இருக்கிறதா என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 96 பிள்ளைகள் கிளினிக் வரிசையில் நின்று காசும் நேரமும் போனதுதான் மிச்சமாகும்.

ஊசி போடாத மாணவன்

அவனை நீக்குவது நியாயமில்லை. நம் நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம் இல்லை, அன்று முடிவெடுத்தது அவனும் இல்லை. இப்போது 18 வயது தாண்டியிருந்தால் அவன் முடிவை அவனே எடுக்கலாம். உட்கார வைத்து நிதானமாகப் பேசுங்கள். அவனுக்கு இரண்டு வழி இருக்கிறது. இப்போதே எம்எம்ஆர் முதல் டோஸ் போட்டுக்கொண்டு வகுப்பில் தொடரலாம், குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவது டோஸ். போட விருப்பமில்லை என்றால், கடைசியாக நோய் வந்தவருக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து 25 நாள் முடியும்வரை வகுப்புக்கும் விடுதிக்கும் வெளியே இருக்க வேண்டும். இது அவன் பாதுகாப்புக்காக, தண்டனைக்காக இல்லை. அந்த நாட்களுக்கும் பாடக்குறிப்பும் வருகைச் சலுகையும் அவனுக்குக் கிடைக்க வேண்டும்.

மற்றவர்களுக்கும் ஊசிப் புத்தகத்தைப் பார்க்கும் வேலை இருக்கிறது. வீட்டில் அம்மாவிடம் சொல்லி, குழந்தைப் பருவத்து கிளினிக் புத்தகத்தையும் பள்ளி ஊசி அட்டையையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டும். எம்எம்ஆர் இரண்டு டோஸ் இல்லாதவர்கள் விடுபட்டதைப் போட்டுக்கொள்ளட்டும். புத்தகம் தொலைந்துபோனவர்கள் போடாதவர்களாகவே கணக்கு, இன்னொரு முறை போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. 2002க்கு முன் பிறந்த விரிவுரையாளர்கள், சமையல்காரர், பாதுகாவலர் இவர்களையும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்குத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கலாம், முதலில் போன் செய்து கையிருப்பும் விலையும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே கிருமி உள்ளே போயிருந்தால் இன்று போடும் ஊசி அதைத் தடுக்காது. அடுத்த முறை படாமல் காக்கத்தான். ஆகவே ஊசி போட்ட ஒருவனுக்கு அடுத்த வாரம் வீங்கினால் 'ஊசியால் வந்தது' என்று பேச்சு கிளம்பும். அதை இப்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு மூன்றாவது வேண்டுமா? அயோவாவில் 4,700க்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாவது டோஸ் போட்டார்கள். அவர்களில் ஆயிரத்துக்கு 6.7 பேருக்கும், இரண்டோடு நின்றவர்களில் ஆயிரத்துக்கு 14.5 பேருக்கும் நோய் வந்தது. பலன் இருக்கிறது. ஆனால் அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது, மாவட்டச் சுகாதார அலுவலகம்தான் நிலைமையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் நான்கு பேர் என்பதே அவர்களுக்குத் தகவல் சொல்லப் போதுமான காரணம். கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்று நிர்வாகம் தயங்கும். பத்துப் பேரான பிறகு ஊரே பேசும்போது தெரிவிப்பதைவிட இன்று தெரிவிப்பது எவ்வளவோ மேல்.

பாட்டில், வேப், ஃபுட்சால்

இது எச்சிலாலும் இருமல் தும்மல் துளியாலும் பரவும் நோய். நம் பிள்ளைகளுக்கு ஒரே பாட்டிலில் வாய்வைத்துக் குடிப்பது நட்பின் அடையாளம். ஒரு தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) பொட்டலத்தில் மூன்று ஸ்ட்ரா இருக்கும். ஒரு வேப் (மின்சிகரெட்) கைமாறிக் கைமாறிப் போகும். வேப்பைப் பற்றி உங்களிடம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதைக் கண்டுபிடித்துத் தண்டிக்க இது நேரமும் இல்லை. 'யார் என்ன பிடிக்கிறீர்களோ எனக்குத் தெரிய வேண்டாம், ஒருத்தர் வாயில் வைத்ததை இன்னொருத்தர் வைக்காதீர்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். ஃபுட்சாலை நிறுத்த வேண்டியதில்லை, பெயர் எழுதிய சொந்த பாட்டில் இல்லாதவன் ஆட வரக் கூடாது என்று வையுங்கள். இருமுபவர்களுக்கு முகக்கவரி. கை கழுவுமிடத்தில் சவர்க்காரம் தீராமல் பார்க்க ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள்.

உங்கள் மகள், அந்த அம்மா, அந்தப் பாட்டி

உங்களுக்கு ஏழு வயதில் தோட்டத்தில் இருந்தபோதே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது மிக அரிது. ஆகவே நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீங்களே பொருத்தமானவர். மகள் அந்த அறைப் பக்கம் போக வேண்டாம். நீங்களும் வீட்டுக்குள் நுழையுமுன் முகக்கவரியைக் கழற்றிப் போட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த நோய் வந்தால் கருச்சிதைவு கூடலாம் என்று சில பழைய ஆய்வுகள் சொல்லின. உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். குழந்தைக்கு ஊனம் வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எம்எம்ஆர் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி, கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. அடுத்த முறை கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும்போது விடுதி நிலவரத்தைத் தாதியிடம் சொல்லட்டும். பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பது தடையில்லை. மாணவிகளில் யாராவது கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் ஊசிக்கு முன் தனியாகச் சொல்ல வழி வையுங்கள், ஊசி போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது.

அந்தத் தாயாரிடம் இதைச் சொல்லுங்கள். பருவம் அடைந்த ஆண்களில், ஊசி போடாதவர்களுக்கு நூற்றுக்கு 30 பேர் வரை விதை (விரை) வீக்கம் வரலாம். ஊசி போட்டவர்களுக்கு அது ஆறு பேர் அளவுதான். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். விதை சிறிதானாலும், அதனால் பிள்ளை இல்லாமல் போவது அபூர்வம். அவர் மகனுக்கு இப்போது கன்னத்தில் மட்டும்தான் வீக்கம். வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வரும், அதைக் கவனித்தால் போதும். பையன்களிடம் இதை ஆண் விரிவுரையாளர் ஒருவரை விட்டு வெட்கமில்லாமல் பேசச் சொல்லுங்கள். கீழே வலி வந்தால் வெட்கத்தில் பொறுத்துக்கொண்டு படுக்கக் கூடாது. திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி என்றால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். அதற்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை தேவைப்படும், உடனே ஆஸ்பத்திரி.

கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்தல், விடாத வாந்தி, வெளிச்சம் கூசுதல், பேச்சில் குழப்பம், வலிப்பு, மேல் வயிற்றில் கடும் வலி, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது ஆகியவற்றுக்கும் அப்படியே. காலைவரை காத்திருக்க வேண்டாம்.

பாட்டியின் சங்கிலி நோயைப் போக்காது, கெடுதலும் செய்யாது. போட்டுக்கொள்ளட்டும், பாட்டிக்கு மனசு ஆறும். ஆனால் மஞ்சள் சுண்ணாம்பு வேண்டாம், வீங்கி இழுத்த தோலைச் சுண்ணாம்பு புண்ணாக்கிவிடும். பாட்டியைக் கோபமில்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சன்னல் வழியே பேரனிடம் பேச விடுங்கள்.

கடைசி நோயாளிக்குப் பிறகு 50 நாள், அதாவது இரண்டு முறை 25 நாள், புதிதாக யாருக்கும் வராவிட்டால்தான் முடிந்தது என்று கணக்கு. அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யாருக்கு எந்த நாளில் எந்தப் பக்கம் வீங்கியது, எந்த அறை, எப்போது வெளியே வந்தார் என்று எழுதி வாருங்கள். சுகாதார அலுவலகத்தினர் வரும்போது முதலில் கேட்பது அதைத்தான். நிர்வாகக் கூட்டத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும், வருகைச் சலுகைக் கடிதத்தின் வரைவை நீங்களே எழுதியும் கையோடு கொண்டுபோங்கள். கையெழுத்து மட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள்.